மூன்று பேருக்கு மட்டுமே அனுமதி!

டெலிபோன் அலறியது!

லொரேன் ஆக்ராய்டின் இடுப்பில் பத்து மாத ஐவி. அடுப்பில் பீன்ஸ். காலைக் கட்டிக்கொண்டு ரெண்டு வயது மார்ட்டா. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மூன்று வயது ஹ்யூகோவும், அதே வயது எலியட்டும் டைனோசர்களாக மாறி ஒருவரையொருவர் கடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகினாள் லொரேன்.

"ஹலோ..."

"மிஸஸ் ஆக்ராய்டா?"

பெண் குரல். கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின மாதிரி விறைப்பு.

"ஆமா, நான்தான்."

"என் பேரு மிஸஸ் ஃபால்க்னர். குழந்தைக் காப்பாளர்களை ஆய்வு பண்ற ஆபீஸ்லேர்ந்து பேசறேன். இன்னிக்கு உங்க வீட்டுக்கு வர்றதா இருக்கேன்."

"இன்னிக்கா... எப்போ?"

"இப்பவேதான். பக்கத்துத் தெருவுல இருக்கேன். பத்து நிமிஷத்துல வந்துடுவேன். அஞ்சு வயசுக்குக் கீழே எத்தனை குழந்தைங்க இருக்காங்க உங்ககிட்ட?"



"மூ... மூணு."

"நல்லது. அவ்வளவுதானே அனுமதி? வர்றேன்."

டொக்!

லொரேன் எண்ணினாள். ஐவி... மார்ட்டா... ஹ்யூகோ... எலியட். கதவுப் பக்கமிருந்து திருப்பி எண்ணினாள். எப்படி எண்ணினாலும் நாலு!

விதர்ன்ஸி சின்ன ஊர். யார்க்ஷயர் கடற்கரையில் காற்றைத் தவிர வேறு எதுவும் தாராளமாகக் கிடைக்காத ஊர். அங்கே பத்தொன்பது வருஷமாகப் பதிவு பெற்ற குழந்தைக் காப்பாளர் லொரேன். வாசல் நடையில் அதற்கான சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்கியது. எட்டு வயதுக்குள் மொத்தம் ஆறு பேர். அந்த ஆறில், பள்ளிக்கூடம் போகாத பொடிசுகள் மூன்றே மூன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

ஒப்பிக்கத்தான் தெரிந்தது. அக்டோபரில் ஜெம்மா வொரால் வாசலில் வந்து நின்று கண்ணைக் கசக்கியபோது, "இடமில்லை" என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

"புருஷனைப் பிரிஞ்சுட்டேன் லொரேன் அக்கா. முதியோர் இல்லத்துல நர்ஸ் வேலை. பிள்ளையை யார்கிட்ட விடறது? எலியட் உங்களைப் பார்த்தா மட்டும்தான் அழ மாட்டேங்கறான். உங்க கைராசி அது!"

கைராசி! அந்த ஒரு சொல்லில் கவிழ்ந்தவள்தான் லொரேன். 'ரெண்டு வாரத்துக்குத்தான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்போது பிப்ரவரி.

அடுப்பை அணைத்தாள். ஐவியைத் தொட்டிலில் இறக்கினாள். மேஜைக்கு அடியில் குனிந்தாள்.

"எலியட் கண்ணு... கண்ணாமூச்சி விளையாடலாமா?"

"ஐ! நான் ஒளியறேன்!"

"நானும்!" என்றான் ஹ்யூகோ.

"நீ அப்புறம். முதல்ல எலியட்."

கொல்லைப்புறத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு மர விளையாட்டு வீடு. ஆள் உட்கார்ந்தால் தலை தட்டும். எலியட்டை அதற்குள் உட்கார வைத்து, கையில் ரெண்டு பிஸ்கெட்டைத் திணித்தாள்.

"ஆன்ட்டி வந்து கூப்பிடற வரைக்கும் சத்தமே போடக்கூடாது. சரியா? சத்தம் போட்டா அவுட்டு."

"போட மாட்டேன்" என்று கிசுகிசுத்தான் எலியட். விளையாட்டு ஏற்கெனவே தொடங்கிவிட்டது அவனுக்கு.

உள்ளே ஓடி வந்தாள். நாலாவது தட்டு அலமாரிக்குள். நாலாவது பால் கோப்பை ஸிங்க்குக்குள். வாசல் நடையில் நாலாவது கொக்கியில் எலியட்டின் சிவப்புக் கோட்! பறித்தாள். எங்கே வைப்பது? சமையலறையில் வாஷிங் மெஷின் வாயைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே திணித்து மூடினாள்.

கோட்டை ஒளிக்கத் தோன்றியது. அதைப் பிள்ளைக்குப் போட்டுவிடத் தோன்றவில்லை.

ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்தாள். பத்து நிமிஷம் போனது. இன்னொரு பத்தும் போனது. யாரும் வரவில்லை!

'குளிருமே குழந்தைக்கு...'

கொல்லைக்கு ஓடினாள்.

"எலியட்! நீ ஜெயிச்சுட்டே, வா!"

சத்தமில்லை.

குனிந்து பார்த்தாள்.

விளையாட்டு வீட்டுக்குள் பாதி பிஸ்கெட் கிடந்தது. எலியட் இல்லை!

பின் சந்துக்குப் போகும் கதவு 'ஆ'வென்று திறந்து கிடந்தது. அதன் தாழ்ப்பாள் பெரியவர்கள் கைக்குத்தான் எட்டும். காலையில் குப்பைத் தொட்டியை வெளியே வைத்துவிட்டு வந்தபோது தாழ்ப்பாள் போட்டாளா? போட்டாள். இல்லை... போடவில்லை. தெரியவில்லை!

சந்தின் ஒரு முனையில் தெரு. மறுமுனையில் கடல்.

லொரேன் ஓடினாள். ஏப்ரனோடு, செருப்போடு கடல் முனை வரைக்கும் ஓடினாள். காற்று முகத்தில் அறைந்தது. மண் சரிவுக்குக் கீழே அலைகள் காப்பி நிறத்தில் புரண்டன. ஒரு பொட்டுச் சிவப்பாவது தெரிகிறதா என்று தேடியவளுக்கு, சிவப்புக் கோட் வாஷிங் மெஷினுக்குள் இருப்பது அப்புறம்தான் உறைத்தது.

வீட்டில் மூன்று பொடிசுகள் தனியாக இருப்பதும் அப்போதுதான் உறைத்தது. திரும்பி ஓடி வந்தாள்.

போனை எடுத்தாள். போலீஸ் நம்பர் மூன்றே மூன்று ஒன்பதுகள்தான். விரல் அதற்குப் போகவில்லை.

ஜெம்மாவைக் கூப்பிட்டாள்.

ஜெம்மா நாலைந்து நிமிஷத்தில் வந்து நின்றாள். முதியோர் இல்லம் தெருக்கோடியில்தான். நீல யூனிபார்ம் கசங்கவில்லை.

"எங்கே என் பிள்ளை?"

"ஆய்வுக்கு வர்றேன்னு போன் வந்துது ஜெம்மா... பயந்துட்டேன்... கொல்லையில ஒளிச்சு வெச்சேன்... போய்ப் பார்த்தா காணோம்! வா, போலீஸைக் கூப்பிடலாம். கடல் பக்கம் போயிருந்தான்னா..."

"கடலும் இல்ல, ஒண்ணும் இல்ல!" ஜெம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என் புருஷன் க்ரெக்! அவன்தான்! வியாழக்கிழமை கோர்ட்டுல கேஸ் வருது. பிள்ளை தனக்கு வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறான். தூக்கிட்டுப் போயிட்டான் பாவி! நீங்க பார்த்தீங்களா அவனை?"

"இல்லையே..."

"பார்த்தீங்க லொரேன் அக்கா."

"நான்..."

"யோசிச்சுப் பாருங்க. கொல்லையில ஒளிச்சு வெச்சேன்னு சொன்னா உங்க சான்றிதழ் போயிடும். பத்தொன்பது வருஷப் பேரு ஒரே நாள்ல நாறிப்போயிடும். க்ரெக் வாசலுக்கு வந்தான், பிள்ளையைப் பிடுங்கிட்டு ஓடினான்னு சொன்னா... உங்க மேல என்ன தப்பு? இன்னிக்கு அவசரத்துக்கு ஒரு மணி நேரம்தான் விட்டேன்னு நான் சொல்லிடறேன். எப்படியும் அவன்தானே தூக்கிட்டுப் போயிருக்கான்? நடந்ததைத்தானே சொல்றோம்?"

லொரேன் தலையாட்டினாள்.

ஏன் ஆட்டினாள் என்று பின்னாளில் எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் கேவலமாக இருந்தது. பயம்! அவ்வளவுதான்.

*

சார்ஜென்ட் ஹாப்டே ஐம்பதை நெருங்கும் பெண்மணி. குட்டை உருவம். ரெண்டு பையன்களை வளர்த்து ஆளாக்கிய அலுப்பு முகத்தில் நிரந்தரமாகக் குடியிருந்தது. கூட வந்த இளம் கான்ஸ்டபிளை முன்னறைக்கு அனுப்பி, "அந்த மூணையும் பார்த்துக்க" என்றாள்.

"எப்படி மேடம் பார்த்துக்கறது?"

"தொலைக்காத மாதிரி."

லொரேனுக்குச் சுருக்கென்றது.

சமையலறையில் உட்கார்ந்தார்கள். வாஷிங் மெஷினுக்கு நேர் எதிர் நாற்காலியில் ஜெம்மா. பக்கத்தில் லொரேன். ஹாப்டே நின்றுகொண்டே கேட்டாள்.

"க்ரெக் வொரால் வாசலுக்கு வந்தான்னு சொல்றீங்க?"

"ஆ... ஆமா."

"என்ன டிரெஸ்?"

"அவன் எப்பவும் போடற அந்த மஞ்சள் ரப்பர் கோட்டு" என்று முந்திக்கொண்டாள் ஜெம்மா.

"நீ அப்போ வேலையில இருந்தேல்ல? நான் இவங்களைக் கேட்டேன்."

"மஞ்சள்... மஞ்சள் கோட்டுதான்" என்றாள் லொரேன்.

"பிள்ளை அழுதானா?"

"தெரி... அழுதான்."

"எலியட் இங்கே தினமும் வருவானா?"

"இல்ல! இன்னிக்கு மட்டும்தான். அவசரம்னு ஜெம்மா கேட்டா. என்கிட்ட மூணு பேருக்குத்தான் அனுமதி சார்ஜென்ட்."

ஹாப்டே எட்டி வாசல் நடையைப் பார்த்தாள். நாலு கொக்கிகள். ஒவ்வொன்றின் மேலும் பிள்ளைகளே வரைந்து ஒட்டிய படம். ஐவியின் படம் வெறும் கை அச்சு. நாலாவது ஒரு படகு. ஓரமெல்லாம் கிழிந்து, கைபட்டு அழுக்கேறி, மூன்று தடவையாவது டேப் போட்டு ஒட்டப்பட்ட படகு.

பார்த்தாள். வாக்கி டாக்கியில் பேசினாள்.

"க்ரெக் வொராலைப் பிடிங்க. நண்டுக் கூடை பின்ற கொட்டகையில இருப்பான். வீடு, வேன், கொட்டகை எல்லாம் பாருங்க... கடற்கரையா? வேண்டாம். அப்பன்தான் தூக்கிட்டுப் போனான்னு பார்த்த சாட்சி இருக்கு."

கடற்கரை வேண்டாம்!

அந்தச் சாட்சி லொரேன்தான். அவள் பார்த்தது திறந்து கிடந்த கதவை மட்டும்தான். எலியட் இப்போது அந்த மண் சரிவின் விளிம்பில், கோட்டில்லாமல், நின்றுகொண்டிருந்தால்...?

'சொல்லிடு லொரேன். இப்பவே சொல்லிடு.'

மேஜைக்கு அடியில் ஜெம்மாவின் கை வந்து அவள் கையை இறுக்கிப் பிடித்தது. ஆறுதலாகத்தான் பிடித்திருப்பாள் என்று நினைத்தாள் லொரேன்.

"அவனை எத்தனை வருஷம் உள்ளே போடுவீங்க சார்ஜென்ட்?" என்று கேட்டாள் ஜெம்மா.

"முதல்ல பிள்ளை கிடைக்கட்டும்."

"இல்ல... வியாழக்கிழமை கோர்ட்டுக்கு இதைச் சொல்லலாமில்ல?"

"சொல்லலாம்" என்றாள் ஹாப்டே. மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

*

வாசலில் கார் நிற்கும் சத்தம். கூடவே ஒரு மனிதனின் அலறல்.

"விடுங்கய்யா! நான் தப்பிச்சு ஓடலை! என் பிள்ளை எங்கேன்னு சொல்லுங்கய்யா!"

க்ரெக் வொரால். முப்பது வயது. ஆறடிக்குக் குறையாத உடம்பு, ரெண்டு போலீஸ்காரர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தது. நண்டுக்கு வைக்கும் இரை மீன் நாற்றமும் கூடவே வந்தது. ரப்பர் கோட் இல்லை. கிழிந்த கம்பளி ஸ்வெட்டர்.

"வீட்டுலயும் இல்ல, வேன்லயும் இல்ல மேடம்" என்றார் ஒரு போலீஸ்காரர்.

"லொரேன் அக்கா!" க்ரெக் அவள் எதிரே நின்றான். "என்னைப் பார்த்தேன்னு சொன்னீங்களாமே? நான் இந்தப் பக்கமே வரலை அக்கா! உங்க கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் குடுத்தவன் நான். பிள்ளைங்க கைக்கு எட்டக்கூடாதுன்னு உயரத்துல வெச்சவன் நான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க... என்னைப் பார்த்தீங்களா?"

லொரேன் தரையைப் பார்த்தாள்.

"நடிக்காதே!" என்று சீறினாள் ஜெம்மா. "என் பிள்ளையை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

க்ரெக் அவள் பக்கம் திரும்பினான். திரும்பியவனின் பார்வை, அவளைத் தாண்டி, வாஷிங் மெஷினின் வட்டக் கண்ணாடியில் போய் நின்றது. கண்ணாடிக்குள் ஒரு சிவப்புக் கை, மரப் பொத்தானோடு நசுங்கிக் கிடந்தது.

"அது... எலியட் கோட்டாச்சே..."



க்ரெக் மண்டியிட்டான். மெஷினைத் திறந்து கோட்டை உருவினான். பெரிய முரட்டுக் கைகளுக்குள் அது பொம்மைக் கோட்டு மாதிரி இருந்தது.

"கோட்டு இங்கே இருக்குன்னா... அவன் எதைப் போட்டுட்டுப் போனான்? வெளியே என்ன குளிரு! அவனுக்கு மார்ச்சளி அக்கா... கோட்டு இல்லாம எப்படி..."

அந்த ஆறடி உடம்பு தரையிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கியது.

ஹாப்டே கோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரமில்லை. சோப்பு வாசனையும் இல்லை. நனையாத கோட்டுக்கு வாஷிங் மெஷின்ல என்ன வேலை மிஸஸ் ஆக்ராய்ட்?"

லொரேன் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நான் யாரையும் பார்க்கலை! இவர் வரலை! யாருமே வரலை! எல்லாம் பொய்!"

"லொரேன் அக்கா!" என்று அதட்டினாள் ஜெம்மா.

"விடு ஜெம்மா! அக்டோபர்லேர்ந்து எலியட் தினமும் இங்கேதான் வர்றான் சார்ஜென்ட். நாலாவது குழந்தை. எனக்கு அனுமதி இல்லைன்னு தெரிஞ்சேதான் வெச்சுக்கிட்டேன். ஆய்வுக்கு வர்றோம்னு போன் வந்துது. கண்ணாமூச்சின்னு சொல்லி அந்தக் குழந்தையைக் கொல்லையில ஒளிச்சு வெச்சேன். கோட்டை இங்கே ஒளிச்சேன். கொல்லைக் கதவைத் தாழ் போட்டேனான்னு எனக்கே தெரியலை! கடலைத் தேடுங்க! ஐயோ, கடலைத் தேடுங்க! என்னால ரெண்டு மணி நேரம் போச்சு! என்னைப் பிடிச்சு உள்ளே போடுங்க, ஆனா முதல்ல கடலைத் தேடுங்க!"

ஹாப்டே ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. வாக்கி டாக்கியில் கடலோரக் காவல்படைக்கு உத்தரவு பறந்தது. வந்த ரெண்டு போலீஸ்காரர்களும் சரிவை நோக்கி ஓடினார்கள். கூடவே ஓடப் பார்த்த க்ரெக்கை மட்டும் ஹாப்டே தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம் இரு. மிஸஸ் ஆக்ராய்ட்... அந்த போன். என்ன சொன்னாங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

"பக்கத்துத் தெருவுல இருக்கேன், பத்து நிமிஷத்துல வர்றேன்னு..."

"வந்தாங்களா?"

"இல்ல."

"பத்தொன்பது வருஷத்துல எத்தனையோ ஆய்வு பார்த்திருப்பீங்க. எப்பவும் இப்படித்தான் போன் பண்ணுவாங்களா?"

லொரேன் வாயைத் திறந்தாள்.

"இல்ல..." என்றாள் மெதுவாக. "வழக்கமான ஆய்வுன்னா முந்தின நாளாவது போன் வரும். புகார் வந்து வர்றாங்கன்னா போனே வராது. திடுதிப்புன்னு வந்து கதவைத் தட்டுவாங்க. பத்து நிமிஷத்துக்கு முன்னாடி... யாருமே போன் பண்ண மாட்டாங்க. இது எப்படி எனக்குத் தோணாம போச்சு?"

"மடியில கனம் இருந்திருக்கு, வேறென்ன? சரி... பத்து நிமிஷம் எதுக்குப் போதும்?"

"ஒளிச்சு... ஒளிச்சு வைக்கப் போதும்."

"அதேதான். உங்களை ஒளிக்க வைக்கத்தான் அந்த போனே! ஒளிச்சு வெச்சா எங்கே வைப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

லொரேனுக்கு ஒரு நாள் சட்டென்று நினைவுக்கு வந்தது. நவம்பர் மாதம். சுகாதார ஆபீஸிலிருந்து ஐவியைப் பார்க்க ஒரு அம்மாள் திடீரென்று வந்தாள். அன்றும் எலியட் அந்த மர வீட்டுக்குள்தான் ஒளிந்திருந்தான். சாயங்காலம் லொரேன் அதை ஒரே ஒருத்தியிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

அந்த ஒருத்தி இதோ, பக்கத்து நாற்காலியில்!

"ஜெம்மா..."

"என்ன?"

"இத்தனை நேரம் இந்த மெஷினுக்கு எதிர்லதானே உட்கார்ந்திருந்தே?"

"அதனால?"

"கண்ணாடிக்குள்ள உன் பிள்ளை கோட்டு தெரியுது. உள்ளே வந்த உடனே க்ரெக் கண்ணுல பட்டுது. கோட்டு இல்லாம போயிட்டானேன்னு அவர் கதறினார். நீ ஒரு தடவைகூடக் கேட்கலையே. குளிருமேன்னு ஒரு வார்த்தை வரலையே உன் வாயில!"

"நான்... நான் அதிர்ச்சியில..."

"அவனுக்குக் குளிரலைன்னு உனக்குத் தெரியும்" என்றாள் லொரேன். "அவன் எங்கே இருக்கான் ஜெம்மா?"

ஜெம்மா வாசல் பக்கம் பார்த்தாள்.

ஹாப்டே கையை நீட்டினாள்.

"உன் செல்போனைக் குடும்மா. நீ குடுக்காட்டியும் அந்த அழைப்பு எங்கேயிருந்து வந்துதுன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சிடும். அதுவரைக்கும் கடலோரக் காவல்காரங்க உன் பிள்ளையைத் தேடி அந்தத் தண்ணியில இறங்கிக்கிட்டு இருக்கணுமா?"

ஜெம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"அவன் நல்லாத்தான் இருக்கான்!" என்று கத்தினாள். "எங்க அக்கா கேரவன்ல இருக்கான்! ஹீட்டர் போட்டிருக்கு! அவதான் போன் பண்ணினா. அவதான் எட்டி தாழ்ப்பாளை எடுத்து கூட்டிட்டுப் போனா. வாரத்துல பாதி நாள் பிள்ளையை இவனுக்குக் குடுத்துடுவாங்களாம் கோர்ட்டுல... எனக்கு என்ன மிச்சம்? பிள்ளையைக் கடத்தினவன்னு பேரு வந்தா எவன் குடுப்பான் இவனுக்கு?"

"அதுக்கு என்னை ஏன்டி..." லொரேனுக்குக் குரல் உடைந்தது. "உன் பிள்ளையைக் கண்ணு மாதிரிப் பார்த்துக்கிட்டேனே. என்னைப் பார்த்தாத்தான் அவன் அழ மாட்டேங்கறான்னு சொன்னியே!"

ஜெம்மா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"அவன் யாரைப் பார்த்தாலும் அழ மாட்டான். ஊர்ல இருக்கற அத்தனை காப்பாளர்கிட்டயும் கேட்டேன். எல்லாரும் 'மூணு ஆயிடுச்சும்மா, இடமில்லை'ன்னு கதவைச் சாத்தினாங்க. நீ ஒருத்திதான் சரின்னு சொன்னே. தப்புன்னு தெரிஞ்சே சரின்னு சொல்றவ, நாளைக்கு மாட்டிக்கிட்டா பொய்யும் சொல்லுவான்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு எனக்கு!"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஏனென்றால் அது உண்மை. பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவளை இவ்வளவு சரியாக எடை போட்டதில்லை.

*

எலியட் போலீஸ் காரில், முழங்கால் வரை தொங்கும் யாருடைய ஸ்வெட்டரையோ போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். வாயைச் சுற்றி சாக்லேட். க்ரெக் பாய்ந்து தூக்கி, சிவப்புக் கோட்டை அந்த ஸ்வெட்டருக்கு மேலேயே மாட்டிவிட்டு, எல்லாப் பொத்தானையும் தப்புத் தப்பாகப் போட்டான்.

அதற்குள் ஐவியையும் மார்ட்டாவையும் ஹ்யூகோவையும் அவரவர் அம்மாக்கள் வந்து அழைத்துப் போயிருந்தார்கள். லொரேன் ஒவ்வொருவரிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஐவியின் அம்மா ஒன்றுமே பேசாமல் போனாள். அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"ஆன்ட்டி!" அப்பாவின் தோளிலிருந்து கூப்பிட்டான் எலியட். "நான் சத்தமே போடலை. பெரியம்மா வந்தப்பகூட 'உஷ்'னு சொன்னேன். நான் ஜெயிச்சுட்டேனா?"

லொரேனுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

"ஜெயிச்சுட்டே கண்ணு. ஆன்ட்டிதான் அவுட்டு."

க்ரெக் அவளைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவன் தலையை ஆட்டி, வேண்டாம் என்றான். மன்னித்ததாகவும் தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

லொரேன் வாசல் நடைக்குப் போனாள். கண்ணாடி போட்ட சான்றிதழைக் கழற்றி, ஹாப்டேயிடம் நீட்டினாள். தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றாள் ஹாப்டே.

"ஸ்டேஷனுக்குத்தான். போலீஸ்கிட்ட பொய் வாக்குமூலம் குடுத்திருக்கேன். குத்தம்தானே?"

"குத்தம்தான். சந்தேகமே வேண்டாம். உங்களால ஒருத்தன் பிள்ளையை இழந்திருப்பான். எழுதி வெச்சிருக்கேன். கூப்பிடறப்ப வரணும். ஆய்வு ஆபீஸுக்கும் சொல்லியாச்சு. அசல் ஆளுங்க வருவாங்க. போன் பண்ண மாட்டாங்க."

"அப்படின்னா... இப்பவே என்னைக் கூட்டிட்டுப் போகலையா?"

ஹாப்டே சான்றிதழைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தாள். தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"எங்க ஸ்டேஷன்ல மொத்தமே மூணு அறைதான் மிஸஸ் ஆக்ராய்ட். ஒண்ணுல ஒரு குடிகாரன். ஒண்ணுல ஜெம்மா. இன்னொண்ணுல அவ அக்கா. ஆளுக்கு ஒரு அறை, அதுக்கு மேல அனுமதி இல்லை."

"அதனால?"

"நாலாவதா உங்களையும் வெச்சுக்கிட்டு, திடீர்னு மேலிடத்துலேர்ந்து ஆய்வுக்கு ஆள் வந்துட்டா... உங்களை ஒளிச்சு வைக்கற அளவுக்குப் பெரிய வாஷிங் மெஷினுக்கு நான் எங்கே போவேன்?"